மீப்பாய்ம ஈலியம்: பலாங்கொடைக் கல்லிலிருந்து மூளைப் படம் வரை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டையொட்டிக் கல்லூரி மண்டபத்தில், உயர்தர மாணவியருக்கான அறிவியல் அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், மாணவியரின் போசாக்கு என்று ஏதாவது பேசுவார் என எதிர்பார்ப்பது வழக்கம். விழாக் குழுவினரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் 1990களின் கடைசியில் இங்கே உயர்தரம் எழுதிய எங்கள் வகுப்பு கூடிப் பேசி வேறொரு தலைப்பைத் தெரிவு செய்தது. அது ஈலியம். அதிலும் மறை 271 பாகை செல்சியசில் அது எடுக்கும் ஒரு விசித்திரமான நிலை. எங்களில் வைத்தியரானவர்கள் சிலர், ஆசிரியைகளானவர்கள் பலர், வங்கியில் இருப்பவர்களும் உண்டு. எல்லாரும் சேர்ந்து தயாரித்த உரை என்பதால் "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

இந்தத் தலைப்பு ஏன் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன், எங்களில் சிலர் கடமையாற்றிய வைத்தியசாலை ஒன்றுக்கு ஹட்டனுக்கு அப்பால் உள்ள தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், கொழுந்து எடுப்பவர். இரண்டு கால்களும் நாளுக்கு நாள் வலுவிழந்து வந்தன. முள்ளந்தண்டில் ஏதோ நெரிக்கிறது என்பது கையால் பரிசோதித்தபோதே தெரிந்தது. எந்த இடத்தில், எது நெரிக்கிறது என்று அறிய எம்.ஆர்.ஐ. படம் வேண்டும். இயந்திரம் இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. மின்தடையில் குளிரூட்டி நின்று, உள்ளேயிருந்த திரவ ஈலியம் ஆவியாகிப் போய்விட்டது. நாட்டில் டொலர் இல்லாத காலம் அது. புதிய ஈலியம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அம்மாவை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினோம். வான் பிடிக்கவும் காசு சேர்க்கவும் நாட்கள் போயின. சத்திரசிகிச்சை முடிந்து அவர் இன்று நடக்கிறார், ஆனால் இடது கால் இழுபடுகிறது. மேட்டு மலையில் நின்று கொழுந்து எடுக்க அவரால் இனி இயலாது.

பலூனில் அடைக்கும் ஒரு வாயு தோட்டத்து அம்மா ஒருவரின் காலைத் தீர்மானிக்கிறது என்பது எங்களுக்கு அன்றுதான் உறைத்தது. அதன் பிறகுதான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க, இந்தக் கதை நம் மலைகளுக்கு மிகப் பக்கத்திலும் ஓடியிருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் விடியற்காலைப் புல் உறைபனியில் வெள்ளையாகி, கொழுந்து கருகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது பூச்சியப் பாகையை ஒட்டிய குளிர். வளியிலுள்ள நைதரசன் திரவமாவது மறை 196 பாகையில். ஈலியமோ எல்லாவற்றுக்கும் கடைசியில், மறை 269 பாகையில்தான் திரவமாகிறது. கெல்வின் அளவில் சொன்னால் 4.2. இதற்குக் கீழே நான்கு பாகைதான் மிச்சம், அப்பால் தனிப்பூச்சியம். அந்த நான்கு பாகைக்குள்தான் இன்றைய கதை முழுவதும் நடக்கிறது.

நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1868 மீற்றர். ஈலியம் முதன்முதலில் கண்ணில் பட்ட ஆண்டும் 1868. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, பரீட்சைக்கு நினைவில் வைத்துக்கொள்ள உதவும் என்பதற்காகச் சொல்கிறோம். அந்த ஆண்டு ஒகஸ்ட் 18ஆம் திகதி தென்னிந்தியாவின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் பொக்சனும் சூரியனின் விளிம்பில் எழுந்த தீச்சுடர்களை நிறமாலைகாட்டியால் பார்த்தார்கள். சில மாதங்களில் இங்கிலாந்தில் லொக்யர் கிரகணம் இல்லாமலேயே அதே சுடர்களைப் பார்த்து, அதிலிருந்த மஞ்சள் கோடு சோடியத்தினுடையது அல்ல என்று முடிவு செய்தார். சூரியனின் கிரேக்கப் பெயரிலிருந்து பிறந்த பெயர்தான் ஈலியம். பூமியில் அதை ராம்சே கண்டுபிடித்தது 1895இல், ஒரு யுரேனியக் கனிப்பொருளுக்குள்.

கல்லுக்குள் வாயு எப்படி வந்தது? உயர்தரம் படிக்கும் உங்களுக்கு விடை தெரியும். யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிவரும் அல்பாத் துணிக்கை ஈலியத்தின் கருவேதான். இரண்டு இலத்திரன்களைப் பிடித்துக்கொண்டால் அது ஈலிய அணு. கல் இறுக்கமாக இருந்தால் அந்த அணு வெளியே போக வழியில்லாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

இங்கேதான் பலாங்கொடை வருகிறது. ஆனந்தக் குமாரசுவாமி என்றால் நடராசர் வடிவத்தின் தத்துவத்தை உலகுக்கு எடுத்துச் சொன்ன கலை அறிஞர் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனான அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். இலங்கையின் கனிப்பொருள் அளவீட்டுக்குப் பணிப்பாளராக இருந்தவர். 1904இல் பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக்கல் இல்லத்தில் கிடைத்த, கறுப்பு நிறமான, கைக்குப் பாரமான சிறு கனசதுரக் கற்கள் அவர் கவனத்துக்கு வந்தன. முதலில் அவை யுரேனியக் கனிப்பொருள் என்றே கருதப்பட்டன. லண்டனில் பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியம் ஒட்சைட் என்று தெரிந்தது. அது அதுவரை உலகம் அறியாத கனிப்பொருள். அதற்குத் தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கல்லின் ஒரு கிராமைச் சூடாக்கினால் எட்டு ஒன்பது கனசென்ரிமீற்றர் ஈலியம் வெளிவரும். கல்லின் சொந்தப் பருமனைப்போல் எண்பது மடங்குக்கு மேல்! உலகின் ஆய்வுகூடங்கள் அதைத் தேடி வாங்கின. ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மானியர் 1905இல் இந்த இலங்கைக் கல்லிலிருந்துதான் கதிர்த்தோரியத்தைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் அணுக்கருப் பிளவுக்காக நோபல் பரிசு பெற்றவரும் அவரே. இன்னொருவர், ஸ்ட்ரட் என்பவர், இதே கல்லில் ஈலியம் எவ்வளவு வேகத்தில் ஊறுகிறது என்று அளந்து பாறையின் வயதைக் கணிக்க முயன்றார். இவ்வளவும் சப்ரகமுவ மண்ணிலிருந்து போனது. நம் பாடநூலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது எங்களுக்கு வருத்தம்தான்.

ஈலியத்தை முதலில் திரவமாக்கியவர் ஒல்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஒன்னஸ், 1908 ஜூலை 10ஆம் திகதி. மொனசைட் மணலிலிருந்து பிரித்த ஈலியம் அது. மணலை அமெரிக்காவிலிருந்து தருவிக்க அவருடைய சகோதரர் உதவினார். நாள் முழுவதும் பாடுபட்டுக் கிடைத்தது 60 கனசென்ரிமீற்றர், சின்னத் தேநீர்க் கோப்பை ஒன்றின் அளவு. மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தக் குளிரில் இரசத்தின் மின்தடை மறைந்து போவதைக் கண்டு மீகடத்தியையும் அவரே கண்டுபிடித்தார். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இந்த வழியில் வந்ததுதான். நயோபியம் தைத்தானியக் கம்பிச் சுருளைத் திரவ ஈலியத்தில் மூழ்கடித்து, ஒரு தடவை மின்னோட்டத்தைச் செலுத்திவிட்டால், அது ஆண்டுக்கணக்கில் தானே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்னஸ் அதோடு நிற்காமல் இன்னும் குளிராக்கினார். எப்படி? நுவரெலியாவில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று அம்மாவைக் கேளுங்கள். மேலே வளியமுக்கம் குறைவு, அதனால் நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. அமுக்கம் குறைந்தால் கொதிநிலை குறையும். திரவ ஈலியத்தின் மேலுள்ள ஆவியைப் பம்பியால் உறிஞ்சினால் அதுவும் இப்படியே மேலும் மேலும் குளிர்ந்த வெப்பநிலைகளில் கொதிக்கும். வளியமுக்கத்தின் இருபதில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால் 2.17 கெல்வின் வரும்.

அந்த இடத்தில் ஒன்று நடக்கிறது. அதுவரை கேத்தலில் நீர் தளதளப்பதுபோல் கொதித்துக்கொண்டிருந்த திரவம் சட்டென்று அடங்குகிறது. ஒரு குமிழியும் இல்லை, கண்ணாடிபோல் நிற்கிறது. 1932இல் டொரொன்டோவில் இதைக் குறித்து வைத்தார்கள், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. ஒன்னஸின் பாத்திரத்திலும் இது நடந்திருக்க வேண்டும், அவரும் கண்டுகொள்ளவில்லை. காரணத்துக்கு முதல் தடயத்தைத் தந்தவர்கள் லைடனில் பணியாற்றிய ஒரு தகப்பனும் மகளும், வில்லெம் கேசொமும் அன்னா கேசொமும். 1936இல் அவர்கள் அளந்து பார்த்தபோது, இந்த நிலையிலுள்ள ஈலியம் செம்பை விடப் பல நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தியது. ஓரிடத்திலும் சூடு தேங்காவிட்டால் குமிழி எங்கே உருவாகும்? இந்தக் கதையைச் சொல்பவர்கள் அன்னாவின் பெயரை அநேகமாக விட்டுவிடுகிறார்கள். நம் கல்லூரி மலரிலாவது அது பதிவாகட்டும்.

1938 ஜனவரி 8ஆம் திகதி இதழில் 'நேச்சர்' சஞ்சிகை இரண்டு கட்டுரைகளை அடுத்தடுத்து வெளியிட்டது. ஒன்று மொஸ்கோவிலிருந்து கப்பிட்சா எழுதியது, மற்றது கேம்பிரிட்ஜிலிருந்து அலனும் மிசெனரும் எழுதியது. இரண்டும் சொன்ன செய்தி ஒன்றுதான்: 2.17 கெல்வினுக்குக் கீழே ஈலியம் மிக நுண்ணிய இடுக்கு வழியாகவும் தடையே இல்லாமல் பாய்கிறது. பாணியைச் சரித்தால் மெதுவாக வழிகிறதே, அந்த இழுவைக்குப் பெயர் பிசுக்குமை. நீரில் அது குறைவு, இந்த ஈலியத்தில் அது இல்லவே இல்லை. மீப்பாய்மம் என்ற பெயர் அதனால்தான். ஒரு கோப்பையில் விட்டால் மெல்லிய படலமாகச் சுவரேறி, விளிம்பைத் தாண்டி, வெளிப்பக்கமாக இறங்கிக் கோப்பையைத் தானே காலி செய்துவிடும்.

ஏன் இப்படி என்று விளக்க எங்களுக்குத் தெரிந்த பிரட்டுக்களத்தையே எடுத்துக்கொள்கிறோம். விடிகாலையில் பெயர் கொடுக்கக் கூடிய கூட்டத்தில் ஒருவர் அவசரமாக நடந்தால் இன்னொருவரில் இடிபடுவார், அவர் அடுத்தவரில் இடிபடுவார். சாதாரண திரவத்தில் அணுக்கள் அப்படித்தான் இடித்து வேகத்தை இழக்கின்றன. எல்லாரும் ஒரே காலடி வைத்து ஒரே ஆள்போல் நகர்ந்தால் இடிபடுவதற்கு ஆள் இல்லை. ஈலிய அணுக்கள் பெருந்தொகையாக ஒரே குவாண்டம் நிலைக்கு இறங்கிவிடுகின்றன. குவாண்டத்தை நம் பாடநூல் சத்திச்சொட்டு என்கிறது. எங்களுக்கு அந்தச் சொல் பிடிக்கும். இப்படி ஒன்றாகச் சேரலாம் என்ற கணக்கின் வேர் 1924இல் டாக்காவில் இருந்த சத்யேந்திரநாத் போசினுடையது. ஈலியத்தில் நடப்பது அதுதான் என்று 1938இல் சொன்னவர் பிரிட்ஸ் லண்டன். லண்டன் இங்கே ஆளின் பெயர், ஊரின் பெயரல்ல.

விரிவான கோட்பாட்டைத் தந்தவர் ரஷ்யாவின் லண்டாவு. 1938 ஏப்ரலில் அவரை ஸ்டாலின் அரசு சிறையில் போட்டது. கப்பிட்சா மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்: தமது ஈலியப் பரிசோதனையை விளக்கக்கூடிய ஆள் இவர் ஒருவர்தான், விடுங்கள். ஓராண்டு கழித்து விட்டார்கள். 1941இல் லண்டாவு தமது கோட்பாட்டை வெளியிட்டார், 1962இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு திரவத்தின் விசித்திரம் ஒருவரைச் சிறையிலிருந்து மீட்டது என்பதை நாங்கள் வேறெங்கும் படித்ததில்லை.

இனி இன்றைய ஆய்வுக்கு வருவோம். ஒரு கோப்பைப் பிளேன்டீயைக் கரண்டியால் கலக்கினால் நடுவில் ஒரு சுழி விழும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மீப்பாய்ம ஈலியம் உள்ள கோப்பையை மெதுவாகச் சுற்றினால் உள்ளேயிருப்பது சுற்றவே சுற்றாது. வேகத்தைக் கூட்டினால் திடீரென ஒரு மெல்லிய சுழி தோன்றும். இன்னும் கூட்டினால் இரண்டு, மூன்று. எல்லாச் சுழிகளும் ஒரே பலம் கொண்டவை, அரைச் சுழி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றின் நடுவும் ஓர் அணுவின் தடிப்பளவுதான். இப்படி இருக்கும் என்று 1949இல் ஒன்சாகரும் பின்பு பைன்மனும் கணித்தார்கள். திரவத்துக்குள் அந்தச் சுழிகளை நேரில் காட்டியது 2006இல். அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தியரான கே.ஆர். சிறீனிவாசன் பங்குபெற்ற குழு உறைந்த ஐதரசன் துகள்களைத் தூவிவிட, அவை சுழிகளின் கோட்டில் மணி கோத்ததுபோல் போய் ஒட்டிக்கொண்டன. சுழிகள் ஒன்றையொன்று வெட்டி மாறிச் சேர்வதையும் பிறகு படமெடுத்தார்கள். ஆற்று நீரிலும் புயலிலும் உள்ள கொந்தளிப்பு இன்றுவரை முழுமையாகத் தீர்க்கப்படாத கணக்கு. எல்லாச் சுழியும் ஒரே அளவாக இருக்கும் திரவத்தில் அதைத் தீர்ப்பது இலகுவாகலாம் என்ற நம்பிக்கையில் பலர் வேலை செய்கிறார்கள்.

2004இல் கிம், சான் என்ற இருவர் திண்ம ஈலியத்துக்குள்ளும் இத்தகைய பாய்ச்சல் உண்டு என்று அறிவித்தபோது உலகமே பரபரப்பானது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2012இல், இன்னும் கவனமாக அமைத்த கருவியில் அந்த விளைவு இல்லை என்று அறிவித்தவர்களில் ஒருவரும் அதே சான்தான். திண்ம ஈலியத்தின் விறைப்பு மாறுவதுதான் முதலில் அப்படித் தோன்ற வைத்திருக்கிறது. எங்கள் மருத்துவத் துறையில் இப்படித் தங்கள் முடிவைத் தாங்களே திரும்பச் சோதிப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருந்தால் நல்லது.

ஈலியம் மட்டும்தான் இப்படியா? ஐதரசன் மூலக்கூறும் மீப்பாய்மமாகலாம் என்று 1972இலேயே கணித்திருந்தார்கள். ஆனால் ஐதரசன் அந்தக் குளிருக்கு வெகு முன்பே உறைந்து கல்லாகிவிடுகிறது. 2025இல் ஜப்பானிய, கனேடிய ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஈலியத்தின் நுண்துளி ஒன்றுக்குள், 0.4 கெல்வினில், பதினைந்து இருபது ஐதரசன் மூலக்கூறுகளைத் திரட்டி, நடுவில் ஒரு மெதேன் மூலக்கூற்றை வைத்துச் சுழலவிட்டார்கள். அது தடையின்றிச் சுழன்றது. இருபது மூலக்கூறு ஒரு திரவமா என்று கேட்கலாம், நாங்களும் கேட்டோம். இருந்தாலும் ஐம்பது ஆண்டுக் கணிப்புக்குக் கிடைத்த முக்கியமான சான்று அது.

பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்திலும் திரவ ஈலியத்தில் ஆய்வு நடக்கிறது. ஓர் இலத்திரனை அதற்குள் விட்டால் அது அணுக்களை ஒதுக்கித் தள்ளித் தனக்கென ஒரு குமிழி வீடு கட்டிக்கொள்ளும். பல இலத்திரன்கள் கூடியிருக்கும் குமிழிகளை அங்கே பிடித்து வைத்து ஆராய்கிறார்கள். வேறு சிலர் மீப்பாய்ம ஈலியத்தைப் பொறியாக வைத்து, பிரபஞ்சத்தில் மறைந்திருக்கும் இருண்ட பொருளின் இலேசான துணிக்கைகளைப் பிடிக்கக் கருவி கட்டுகிறார்கள். கரம் போர்ட்டில் காயைக் காயால் அடித்தால் அசையும். கிரிக்கெட் பந்தைக் காயால் அடித்தால் என்ன அசையப் போகிறது? இலேசான துணிக்கையைப் பிடிக்க இலேசான கருவே வேண்டும், அதற்கு ஈலியம் பொருந்தும்.

பெரிய அளவில் இதைப் பயன்படுத்துவது ஜெனீவாவின் சேர்ன். 27 கிலோமீற்றர் வளையத்திலுள்ள காந்தங்கள் 1.9 கெல்வினில், மீப்பாய்ம ஈலியத்தில்தான் வேலை செய்கின்றன. நூறு தொன்னுக்கு மேல் ஈலியம் அங்கே இருக்கிறது. கேசொம் தகப்பனும் மகளும் கண்ட அந்த வெப்பக் கடத்தல்தான் இங்கே காரணம்: கம்பியில் எங்காவது சூடு தட்டினால் மறுகணம் அது பரவிக் கரைந்துவிடும். இந்தியா பங்காளியாக உள்ள அமெரிக்க பெர்மி ஆய்வுகூடத்தின் புதிய ஆர்முடுக்கியிலும் இரண்டு கெல்வின் ஈலியம்தான்.

வைத்தியர்களாகிய எங்களுக்குப் பிடித்தது பிரான்சின் சக்ளேயில் உள்ள இயந்திரம். நாம் வைத்தியசாலைகளில் பார்க்கும் எம்.ஆர்.ஐ. காந்தங்கள் பெரும்பாலும் 1.5 அல்லது 3 தெஸ்லா. இது 11.7 தெஸ்லா. எடை 132 தொன். சாதாரண திரவ ஈலியம் இதற்குப் போதாது; 7500 லீற்றர் மீப்பாய்ம ஈலியத்தில் 1.8 கெல்வினில் வைத்திருக்கிறார்கள். 2021இல் முதலில் படம் எடுத்தது ஒரு பூசணிக்காயை! 2024இல் தொண்டர்களின் மூளையை எடுத்து வெளியிட்டார்கள். நான்கு நிமிடத்தில், ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கு நுணுக்கத்தில். சாதாரண இயந்திரத்தில் அந்த நுணுக்கம் வேண்டுமானால் ஆளை மணிக்கணக்கில் அசையாமல் கிடத்த வேண்டியிருக்கும். அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களின் தொடக்கத்தை இந்த நுணுக்கம் காட்டித்தருமா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

ஆனால் தங்கைமாரே, எங்கள் மலைக்கு அதைவிடப் பெரிய செய்தி அதன் நேர்எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். வழக்கமான எம்.ஆர்.ஐ. ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு லீற்றரளவு திரவ ஈலியம் வேண்டும். அது வாயுவானால் பத்து இலட்சம் லீற்றர். பலாங்கொடைக் கல்லை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: ஓர் இயந்திரத்தை நிரப்ப நூறு தொன்னுக்கு மேல் தோரியனைட் வேண்டும். ஆகவே அந்த வழி இல்லை. உலகத்தின் ஈலியம் இன்று இயற்கை வாயுக் கிணறுகளிலிருந்து வருகிறது. அமெரிக்காவும் கட்டாரும்தான் பெரும்பங்கு தருகின்றன. 2017இல் கட்டாரை அயல் நாடுகள் முற்றுகையிட்டபோது அங்கே ஈலிய உற்பத்தியே சிறிது காலம் நின்றது. ஒரு தடவை வளியில் கலந்த ஈலியம் பூமியின் ஈர்ப்பை மீறி விண்வெளிக்குப் போய்விடும், திரும்பாது. பிறந்தநாள் விழாவில் ஈலியப் பலூன் விடுவதைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு எரிகிறது.

2018இல் வெறும் ஏழு லீற்றர் ஈலியத்தை உள்ளே நிரந்தரமாக மூடி முத்திரையிட்ட 1.5 தெஸ்லா இயந்திரம் ஒன்று சந்தைக்கு வந்தது. பிறகு, 0.55 தெஸ்லாவில், ஒரு லீற்றருக்கும் குறைவான ஈலியத்தில் இயங்குவதும் வந்துவிட்டது. மின்சாரம் நின்றால் இவையும் நிற்கும், ஆனால் ஈலியம் ஓடிப்போகாது. மின்சாரம் வந்ததும் திரும்பக் குளிராக்கலாம். கப்பலையும் டொலரையும் காத்திருக்க வேண்டாம். நீளமான வெளியேற்றுக் குழாயும் வேண்டாம் என்பதால் சிறிய கட்டடத்திலும் வைக்கலாம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இனி ஓர் எம்.ஆர்.ஐ. வாங்கும் பேச்சு வந்தால், விலையோடு சேர்த்து "எத்தனை லீற்றர் ஈலியம்?" என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். அதைக் கேட்கத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

நாங்கள் சொன்ன அந்த இயந்திரத்தைத் திருத்த வந்த பொறியியலாளர் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தார். எங்கள் வகுப்பில் கணிதப் பிரிவில் ஒருவர்கூட இல்லை. அப்போது இங்கே அந்தப் பிரிவே இல்லை. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத தவணைகளில் சனிக்கிழமை காலை பஸ்ஸேறி ஹட்டனுக்கு ரியூசனுக்குப் போனோம். மழையென்றால் மண்சரிவுக்குப் பயந்து வீட்டிலிருந்தோம். லயத்தில் பிறந்து வைத்தியரானவர்களை இன்று இந்த மண்டபத்திலேயே எண்ணலாம். மீகடத்திக் காந்தத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணை நம் மலையில் எங்களால் இன்னும் காட்ட முடியவில்லை. பேராதனையிலும் கொழும்பிலும் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் உண்டு. உயிரியல் பிரிவில் படிப்பவர்களுக்கும் மருத்துவப் பௌதிகவியல் என்ற வழி உண்டு. அதைப் பற்றி அறிய விரும்புபவர்கள் இடைவேளையில் எங்களிடம் வாருங்கள், விண்ணப்பப் படிவம் நிரப்புவது வரை கூட இருக்கிறோம்.

எங்கள் வகுப்பின் நூற்றாண்டு அன்பளிப்பாகப் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு ஒரு வெற்றிடப் பம்பி, தடித்த கண்ணாடி மணிச்சாடி, அமுக்கமானி, இலத்திரனியல் வெப்பமானி நான்கையும் கொடுத்திருக்கிறோம். ஈலியம் வாங்கக் காசில்லை, நீர் போதும். சாடிக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் கொஞ்சம் நீரை வைத்து வளியை உறிஞ்சினால், அடுப்பில்லாமல் அறை வெப்பநிலையிலேயே அது கொதிப்பதைப் பார்க்கலாம். பொறுமையாகத் தொடர்ந்தால், கொதித்துக்கொண்டே மேலே பனிக்கட்டி படரும். லைடனில் ஒன்னஸ் செய்ததும் இதேதான், திரவம் மட்டும்தான் வேறு. அமுக்கத்தையும் வெப்பநிலையையும் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்து வரைபு போடுங்கள். முதல் அளவீட்டை இன்று பிற்பகல் 13ஆம் தர மாணவியர் எடுக்கிறார்கள். பாதுகாப்புக் கண்ணாடி ஆறு சோடிதான் வாங்க முடிந்தது. முறை வைத்துப் போடுங்கள். போடாமல் யாரும் சாடிக்குக் கிட்டப் போகக் கூடாது.